சேமமும் உறவும்: காத்தான்குடியின் இடர்கால வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பஞ்சமும் போரும் புயலும் வந்துற்ற காலங்களில் மக்கள் எவற்றை உண்டு, எவ்வாறு உயிர் தரித்தனர் என்னும் வினாவுக்கு எமது வரலாற்று நூல்களில் விடை காண்பது அரிது. அரசர் அமைத்த களஞ்சியங்களையும், கோட்டைகளுள் முற்றுகைக்கென அடுக்கப்பெற்ற நெல்மூடைகளையும் பற்றி அவை பேசுகின்றன. ஆயின் அடுப்படியின் மூலையில் இருந்த அரிசிப் பானையும், மாரி தொடங்குமுன் தாழ்வாரத்தில் அடுக்கப்பட்ட விறகும் வரலாற்றாசிரியரின் கண்ணிற் படுவதில்லை. இவை எழுதப்படாமைக்குக் காரணம் உண்டு. சேமம் என்பது தன் பணியைச் செவ்வனே செய்யும்போது எந்த நிகழ்ச்சியும் நிகழ்வதில்லை. வீடு பசியின்றி அந்த மாரியைக் கடந்துவிடுகின்றது. நிகழாத பசிக்கு ஆவணம் இல்லை.

இக்கட்டுரை மட்டக்களப்பு வாவிக் கரையில் அமைந்த காத்தான்குடியை முன்வைத்து, வீட்டுச் சேமம் என்னும் பொருளை ஆராய முற்படுகின்றது. ஒரு வீடு இடரை எதிர்நோக்கிப் பொருள்களைச் சேர்த்து வைப்பதனால் மட்டும் காப்பாற்றப்படுகின்றதா? அன்றி அச்சேமம் வேறெவற்றின் மீது தங்கி நிற்கின்றது? இந்த ஊரின் கடந்த எண்பது ஆண்டுக்கால அனுபவம் இவ்வினாவுக்குத் தரும் விடை, ஏனைய ஊர்களுக்கும் பயன்படத்தக்கது என்பது எமது கருத்தாகும்.

நிலமும் பருவமும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவில், கிழக்கே வங்காள விரிகுடாவும் மேற்கே வாவியும் நெருக்க, ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்துண்டில் அமைந்தது காத்தான்குடி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள நெல்வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் கரையும் படும் கரையுமாக அமைந்த இப்பெயர்கள் பிரதேசத்தின் பொருளாதாரத்தையும் சுட்டி நிற்கின்றன. எழுவான்கரையில் மக்கள் செறிவு மிகுதி. கடைத்தெருவும் தறியும் மீன்பிடியும் அங்கு உள்ளன. படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் நிலமும் விறகுக் காடும் உள்ளன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது காத்தான்குடிப் பிரதேசத்தில் வாழ்ந்தோர் தொகை 40,000 அளவினதாக இருந்தது. சில சதுரக் கிலோமீற்றர் பரப்பினுள் இத்துணை மக்கள் வாழும் ஓரூர், தன் உணவைத் தன் நிலத்தில் விளைவித்துக்கொள்ள இயலாது என்பது வெளிப்படை. ஆகவே காத்தான்குடியின் அரிசி என்றும் நீரைக் கடந்தோ நெடுந்தெருவைக் கடந்தோ வந்த அரிசியேயாகும்.

அந்நீரைக் கடப்பதும் எளிதாக இருக்கவில்லை. கல்லடியில் வாவிக்குக் குறுக்கே பாலம் அமைந்தது 1924ஆம் ஆண்டிலேதான். ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் அது அழைக்கப்பட்டது. அதற்கு முன் மட்டக்களப்பு நகருக்குச் செல்லவும் தோணி வேண்டும். ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்திற்குச் செல்லும் மண்முனைத் துறையோ 2014ஆம் ஆண்டுவரை பாலமின்றியே இருந்தது. மாரியில் வாவி பெருகிக் காற்றும் மிகும்போது துறை அடைபடும். துறை அடைபட்டால் வயலும் வீடும் வேறுவேறாகிவிடும்.

இனிப் பருவத்தை நோக்குவோம். இப்பிரதேசத்தின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசி தொடக்கம் ஜனவரி வரையிலான வாடைப் பருவத்திலே பொழிகின்றது. பெரும்போக விதைப்பு அம்மழையின் தொடக்கத்தோடும், அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களோடும் இயைந்து நிகழும். எனவே களத்திலிருந்து வந்த நெல் வீட்டிலே நிறைந்திருப்பது பங்குனி, சித்திரை மாதங்களில். சிறுபோகம் கைகொடாத குடும்பங்களில் அந்நெல் ஐப்பசி, கார்த்திகையில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். சூறாவளியும் வெள்ளமும் இப்பிரதேசத்தைத் தாக்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். 1957ஆம் ஆண்டின் பெருவெள்ளம் டிசெம்பரில் வந்தது. 1978இன் சூறாவளி நவம்பரில் வந்தது. 2011இன் வெள்ளம் ஜனவரியில் வந்தது. மழையோடு தொடர்பற்ற 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் டிசெம்பர் மாதத்திலேயே நிகழ்ந்தது. களஞ்சியம் வெறுமையாகும் மாதமும் இடர் வரும் மாதமும் ஒன்றாக அமைந்தமையே இப்பிரதேசத்தின் வீட்டுச் சேமத்தை உருவாக்கிய முதற்காரணி எனலாம். பசுமையான வயலைப் பார்த்துக்கொண்டே அரிசியை அளந்து சமைக்க வேண்டிய காலம் அது.

வீட்டினுள் அமைந்த சேமம்

இத்தகைய சூழலில் வீடுகள் எவற்றைச் சேமித்தன? முதலிடம் நெல்லுக்கு உரியது. நன்கு காயவைத்த நெல், உமியின் காப்பினால் ஓராண்டுக்கு மேலும் கெடாது நிற்கும். தீட்டிய அரிசி விரைவில் வண்டு பற்றும். ஆதலின் நெல்லாகவே வைத்து, வேண்டும்போது அவித்துக் காயவைத்துக் குற்றிக்கொள்வது பழைய வழக்கு. ஆயின் மழைக்காலத்தில் நெல் அவிக்கலாமேயன்றிக் காயவைக்க இயலாது. ஆகவே மாரிக்கு வேண்டிய புழுங்கலரிசியை மாரிக்கு முன்னரே ஆயத்தப்படுத்தி வைக்கும் தேவை எழுந்தது. வேப்பிலையோ நொச்சியிலையோ இடையிட்டு வைப்பது பூச்சியைத் தடுக்கும் முறையாக எங்கும் அறியப்பட்டிருந்தது. விதைநெல் இவற்றினின்றும் வேறாக வைக்கப்படும். பசித்தாலும் அதில் கைவைப்பதில்லை என்பது உழவர் ஒழுக்கம்.

நெல்லுக்கு அடுத்த நிலையில் உப்பு, புளி, செத்தல் மிளகாய், மாசி, கருவாடு என்பன வரும். வாவியும் கடலும் சீற்றங்கொண்டு தோணி இறங்காத நாள்களில் கருவாடும் மாசியுமே கறியாகும். வறுத்து வைத்த அரிசிமா, விறகு நனைந்துவிட்ட நாளிலும் சிறிது வெந்நீரோடு பிட்டாகவோ இடியப்பமாகவோ மாறும். உரிக்காத தேங்காய் மாதக்கணக்கில் நிற்கும். எண்ணெய், மண்ணெண்ணெய், தீப்பெட்டி, அரிக்கன் இலாம்பு ஆகியவை உயரத்தில் வைக்கப்படும். கிடுகு வேய்ந்த காலத்தில் கூரையை மாரிக்கு முன் புதுப்பிப்பதும் சேமத்தின் ஒரு பகுதியே. இவற்றுள் எதுவும் அரிய பொருள் அன்று. எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்னும் அறிவே அரிய பொருளாகும். அவ்வறிவு நூலில் எழுதப்படாது தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது.

தாயிடமிருந்து மகளுக்கு என்பதை இங்கு வெறும் வழக்குத் தொடராகக் கொள்ளலாகாது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவி வந்துள்ளது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். திருமணத்தின்போது வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்கின்றான். சகோதரிகளின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமைகின்றன. இதனால் வீட்டுச் சேமத்தில் இரு விளைவுகள் உண்டாயின. ஒன்று, களஞ்சியத்தின் பொறுப்பு வீட்டுக்கு உரிமையுடைய பெண்ணிடம் இருந்தது. வணிகத்தின் பொருட்டு ஆண்கள் நாட்டின் பல பாகங்களுக்கும் சென்று மாதக்கணக்கில் தங்கும் ஊரில், இது இன்றியமையாத ஏற்பாடுமாகும். மற்றையது, உம்மாவின் அடுப்பும் மக்களின் அடுப்பும் கூப்பிடு தூரத்தில் இருந்தமையால், ஒரு வீட்டின் குறை அன்றே மற்றொரு வீட்டுக்குத் தெரியவந்தது. வேலியின் கடப்பு வழியாக அரிசி சென்றது. அறுவடைக்குப் பின் அதே வழியாகத் திரும்பியும் வந்தது.

வீட்டுக்கு அப்பால் அமைந்த சேமம்

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சேமித்தல் வேறு, பதுக்கல் வேறு. இஸ்லாமிய மரபு இவ்விரண்டையும் நுணுக்கமாகப் பிரித்து நோக்குகின்றது. யூசுப் நபியின் வரலாற்றிலே ஏழு வளமான ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடக்கும் திட்டம் திருக்குர்ஆனிற் கூறப்படுகின்றது. நபிகள் நாயகம் தம் குடும்பத்தினருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கிவைத்த செய்தி புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இடம்பெறுகின்றது. அதே வேளையில், விலை ஏறட்டும் என்று உணவுப்பொருளைத் தடுத்துவைக்கும் வணிகனை ஹதீஸ்கள் பாவியெனக் கண்டிக்கின்றன. அடுத்தவரின் தேவையை அறிந்துகொண்டே அதனைத் தன் இலாபத்துக்கு வாய்ப்பாக்குவதே இங்கு குற்றமாகக் கொள்ளப்படுகின்றது. தன் வீட்டு உணவுக்கென ஒதுக்குதல் அக்குற்றத்துள் அடங்குவதில்லை.

இக்கோட்பாடு வெறும் உபதேசமாக நின்றுவிடவில்லை. களத்திலேயே அது நடைமுறையாயிற்று. உரிய அளவை எட்டிய விளைச்சலில், மழையால் விளைந்ததாயின் பத்தில் ஒரு பங்கும், செலவு செய்து நீர்பாய்ச்சி விளைந்ததாயின் இருபதில் ஒரு பங்கும் ஸகாத்தாக வழங்கப்படல் வேண்டும். அதாவது நெல் வீட்டுக் களஞ்சியத்துக்குச் செல்லுமுன் இல்லாதவரின் பங்கு வெளியே சென்றுவிடுகின்றது. நோன்புப் பெருநாளில் வழங்கும் பித்ரா அரிசி இன்னும் நுட்பமானது. அந்த ஓரிரவுக்கும் பகலுக்கும் வேண்டியதற்கு மேலாக உணவுள்ள எவர்மீதும் அது கடமையாகின்றது. செல்வத்தின் எல்லைக்கோடு அங்கு ஒருநாட் சோற்றிலே வரையப்படுகின்றது.

இவற்றோடு பிடியரிசி வழக்கமும் சேர்த்து எண்ணத்தக்கது. உலைக்கு அரிசி அளக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் இடுவது தமிழ்பேசும் மக்களிடையே பரவலாக அறியப்பட்ட பழக்கம். அவ்வாறு சேர்ந்தது பள்ளிவாசலுக்கோ மத்ரசாவுக்கோ ஏழைக்கோ செல்லும். நெருக்கடியில் அதுவே வீட்டின் கடைசி இருப்பாகவும் அமையும். ஒரு பிடி குறைந்ததை உண்பவர் உணர்வதில்லை. மாதத்தின் முடிவிலோ அது சில நாள் உணவாகத் திரண்டிருக்கும்.

ஊரின் மூன்றாவது களஞ்சியம் கடைத்தெரு. காத்தான்குடி வணிகத்தாலும் கைத்தறி நெசவாலும் பெயர்பெற்ற ஊர். கடைகளில் அடுக்கப்பட்ட மூடைகளே கையில் நெல்லில்லாத தறிகாரரும் தொழிலாளரும் நம்பியிருந்த சேமமாகும். கடையிலுள்ள கடன் கொப்பி அச்சேமத்தின் திறவுகோல். வேலையில்லாத மாரி மாதங்களில் கொப்பியில் எழுதி வாங்குவதும், அறுவடைக் காலத்தில் கணக்குத் தீர்ப்பதும் வழக்கு. நாணயமுள்ளவர் என்னும் பெயர் அவ்வகையில் ஒரு மூடை நெல்லுக்கு நிகராயிற்று.

நான்காவது, அயலூர்கள். வடக்கேயும் தெற்கேயும் அமைந்த கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி முதலிய தமிழ் ஊர்களோடும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக் கிராமங்களோடும் காத்தான்குடிக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் இவ்வூர் வாழ்வின் முதுகெலும்பாகும். நெல்லும் தயிரும் விறகும் மீனும் அங்கிருந்து வந்தன. துணியும் மளிகையும் கடனும் இங்கிருந்து சென்றன. முஸ்லிம் போடியாரின் வயலில் தமிழரும், தமிழ்ப் போடியாரின் நெல்லுக்கு முஸ்லிம் வணிகரும் என அமைந்த இப்பிணைப்பு அன்பினால் மட்டும் உண்டானதன்று. ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டமையால் உண்டானது. ஆதலின் உறுதியானது என்றும் எண்ணப்பட்டிருந்தது.

கூப்பன் காலம்

இந்நான்கு களஞ்சியங்களோடு ஐந்தாவதாக அரசு வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலாகும். போருக்கு முன் இலங்கை தன் அரிசியிற் பெரும்பகுதியை, சிறப்பாகப் பர்மாவிலிருந்து, இறக்குமதி செய்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. அதே ஆண்டு ஏப்ரில் 5ஆந் தேதி கொழும்பும், 9ஆந் தேதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. 9ஆந் தேதியன்று மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போர் காத்தான்குடிக் கரையின் கண்முன்னே வந்துவிட்டது.

இந்நெருக்கடியில் ஒலிவர் குணதிலக்கவின் பொறுப்பில் குடிசார் பாதுகாப்பும் உணவும் ஒழுங்குசெய்யப்பட்டன. அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. நெல் விளையும் மாவட்டங்களில் உபரி நெல் அரசினாற் கொள்முதல் செய்யப்பட்டது. சோறுண்ட மக்கள் கோதுமைமாவை உணவாகக் கொள்ளப் பழகியதும் இக்காலத்திலேதான். கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு வீட்டின் வாழ்விலும் இடம்பெற்றன. அது எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1953 ஓகஸ்ட் 12ஆந் தேதி ஹர்த்தால் சான்று. கொத்தொன்று 25 சதத்துக்கு வழங்கப்பட்ட அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டமையே அதற்கு முதற்காரணம். பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி விலகினார். 1966 டிசெம்பரில் ஆளுக்கு வாரம் 2 கொத்தாக இருந்த பங்கீடு 1 கொத்தாகக் குறைக்கப்பட்டு, அது இலவசமாக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் உணவு முத்திரைகள் அதன் இடத்தைப் பெற்றன.

கூப்பன் பசியைத் தடுத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வாரந்தோறும் அரிசி வரும் என்னும் உறுதி, ஆண்டு முழுவதற்கும் நெல் வைக்கும் பழக்கத்தைத் தளர்த்தியது என்பதையும் நோக்குதல் வேண்டும். நெல்லாலைகள் பெருகியதோடு வீட்டில் நெல் இருப்பதற்குப் பதிலாக அரிசி இருந்தது. பின்னர் அரிசியும் கடையிலேயே இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, பங்கீடு குறைந்து, பாணுக்கு வரிசை நீண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டபோது இம்மாற்றத்தின் விலை புலப்பட்டது. அக்கட்டுப்பாடுகளின் கீழ், வீட்டுக்கென வைத்த மூடைக்கும் பதுக்கிய மூடைக்கும் வேறுபாடு காண்பது அதிகாரிக்கு எளிதாக இருக்கவில்லை. மரபு தெளிவாகப் பிரித்த இரண்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாயின.

1978: கூரை போன இரவு

1978 நவம்பர் 23ஆந் தேதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைப் பாதித்தது. மாவட்டத்தின் தென்னந் தோட்டங்களில் 90 சதவீதமும், மீன்பிடி வள்ளங்களில் ஐந்தில் ஒரு பங்கும் அழிந்தன என்றும், மாவட்டத்திலிருந்த 11 நெற்களஞ்சியங்களில் 9 அழிந்தன என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

இவ்விறுதித் தொகை எமது பொருளுக்கு மிகவும் முதன்மையானது. பதினொன்றில் ஒன்பது போயின என்றால், ஒரே இடத்தில் பெருந்தொகையாகச் சேர்த்து வைத்த நெல் ஓரிரவில் நனைந்து முளைகொண்டது என்பதே பொருள். பல்லாயிரம் வீடுகளில் சிறிது சிறிதாகப் பரவியிருந்த சேமத்துக்கும் கூரையில்லாத நிலை ஏற்பட்டது. ஆயினும் ஒரு வீட்டில் நனைந்தது மற்றொரு வீட்டில் நனையாமல் இருக்கக்கூடும். முடியிட்டுக் கட்டிய சாடியில் உப்பும், மரப்பெட்டகத்தில் அரிசியும் தப்பக்கூடும். கல்வீடு உள்ளவரின் கூடத்தில் ஓலைவீட்டாரின் குழந்தைகள் உறங்கக்கூடும். மரங்கள் வீழ்ந்து தெருக்கள் அடைபட்டு, வெளி உதவி வந்து சேருமுன் கழிந்த நாள்களில் ஊர்களைத் தாங்கியவை இத்தகைய சிறு இருப்புகளேயாம். பரவி இருத்தல் சேமத்தின் முதல் விதி என்பதைப் புயல் கற்பித்தது.

தென்னையின் அழிவோ நீண்டகாலத் துன்பம். தேங்காய், கிடுகு, விறகு, கயிறு ஆகிய நான்கையும் தந்த மரம் அது. புதிதாக நட்ட கன்று காய்க்க ஆண்டுகள் பல ஆகும். வளவுத் தென்னை என்பது நிலத்தில் நின்ற சேமம். அது போனபின் அதன் பயன்கள் யாவும் காசு கொடுத்து வாங்க வேண்டியனவாயின.

1990: வழி அடைபட்ட ஆண்டு

இயற்கையின் இடர்கள் வீட்டின் சுவரை உடைத்தன. போர் வீட்டுக்கு வெளியே அமைந்த சேமத்தை உடைத்தது. 1985ஆம் ஆண்டில் கிழக்கில் நிகழ்ந்த தமிழ் - முஸ்லிம் மோதல்கள் இதன் முன்னறிவிப்பாயின. 1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் மூண்டபின் நிலைமை முற்றாக மாறியது. ஜூலை 12ஆந் தேதி, காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஹஜ் யாத்திரிகர்களும் வணிகர்களும் உள்ளிட்ட பயணிகள் பலர் குருக்கள்மடத்தருகே கடத்திக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3ஆந் தேதி இரவுத் தொழுகை வேளையில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் நூறுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளே இதனைச் செய்தனர் என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது; அவ்வியக்கம் அதனை மறுத்தது. செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து தமிழர் பலர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடிமக்கள் படுகொலையாயினர். ஒரே வாவியின் கரைகளில் ஒரு கோடையினுள் நிகழ்ந்தவை இவை.

இறந்தவர்க்கான துயரத்தை எந்தக் கணக்கிலும் அடக்க இயலாது. இங்கு நாம் நோக்குவது, எஞ்சியோரின் வாழ்வில் அது விளைத்த மாற்றத்தையே. படுவான்கரையில் நிலமுடைய முஸ்லிம்கள் அங்கு செல்லவியலாது போயிற்று; விதைக்காத வயல்கள் காடாயின. நெல் வந்த வழியும் விறகு வந்த வழியும் அடைபட்டன. படுவான்கரைத் தமிழ் மக்களோ எரிபொருள், உரம் முதலியவை துறையைக் கடந்து வருவதற்கு இடப்பட்ட தடைகளினால் ஆண்டுக்கணக்கில் வாடினர். இரு கரைகளிலும் வீடுகள் முன்னிலும் மிகுதியாகச் சேமிக்க முற்பட்டன. மண்ணெண்ணெய், மெழுகுதிரி, மருந்து, பால்மா, அடையாள அட்டை எனச் சேமத்தின் பட்டியலும் நீண்டது. ஆயின் அச்சத்தினால் நிரம்பும் களஞ்சியம் விரைவில் வெறுமையாகும். அதனை மீள நிரப்புவதற்கு வழி வேண்டும். கடன் கொப்பியிற் பெயர் இருந்தும், கொப்பிக்குரியவரும் பெயருக்குரியவரும் ஒருவரையொருவர் சந்திக்க முடியாத நிலை ஏற்பட்டது. மிகுதியாகச் சேமிப்பது உறவின் இடத்தை நிரப்பவல்லதன்று என்பதை இவ்வாண்டுகள் காட்டின. தேவையினாற் பிணைந்த உறவு உறுதியானது என்று எண்ணியமை பிழையாயிற்று. அதனைக் காப்பதற்கு வேறு முயற்சியும் வேண்டியிருந்தது.

2004: வீடே போன காலை

2004 டிசெம்பர் 26ஆந் தேதி காலை வந்த கடற்கோள், சேமம் என்னும் கருத்தையே வினாவுக்குள்ளாக்கியது. மட்டக்களப்பு மாவட்டத்தில் 2,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலோர வீடுகளில் எவ்வளவு நெல் இருந்தது, எவ்வளவு விறகு இருந்தது என்பன யாவும் பொருளற்றவையாயின. வீடும் அதிலிருந்த சேமமும் சில நிமிடங்களுள் ஒருங்கே போயின. நகையும் சீதன உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அவற்றோடு சென்றன. வீடு தாய்வழியாகப் பெண்ணுக்கு உரியதாயிருந்த இப்பிரதேசத்தில், உறுதியை இழந்த பெண் தன் உரிமையை நிறுவுவது தனியொரு துன்பமாயிற்று. வீடிழந்தோர்க்குப் புதிய வீடு வழங்கியபோது குடும்பத் தலைவன் என ஆணின் பெயரை எழுதும் வழக்கமும் இம்மரபோடு முரண்பட்டது.

இன்னொரு பாடம் நீரைப் பற்றியது. இம்மணல் நிலத்தின் அடியில், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீரே கிணற்று நீர். கடல் கிணற்றினுள் புகுந்தபோது அப்படலம் கெட்டது. கிணற்றை விரைந்து இறைத்துத் தூய்மைப்படுத்த முனைந்த இடங்களில், மிகுதியாக இறைத்ததனால் அடியிலிருந்த உவர்நீர் மேலேறியதும் உண்டு. பின்வந்த மாரி மழைகளே அக்கிணறுகளை மெல்ல மீட்டன. அரிசியை ஓராண்டுக்கு வைக்கலாம்; நீரை அவ்வாறு வைக்கவியலாது. மரபான சேமம் நீரைக் கருதவேயில்லை. அது என்றும் காலடியில் இருந்தமையே காரணம்.

ஆயினும் அக்காலை நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. கடலோரத்திலிருந்து ஓடிவந்த மக்களுக்கு, அவர் எம்மதத்தவர் என்று வினவாது, அயலூரார் சோறும் உடையும் அளித்தனர். அரசின் வண்டிகளும் அயல்நாட்டு நிறுவனங்களும் வருமுன் உலையேற்றியவர்கள் அருகிலுள்ள ஊர்களின் பெண்களேயாவர். பதினான்கு ஆண்டுகள் முன்னர் உடைந்த வழி சில நாள்களுக்கேனும் திறந்தது. அன்று சமைக்கப்பட்ட சோறு, கடலுக்கு எட்டாத வளவுகளில் இருந்த சேமத்திலிருந்து வந்தது. நெல் தூரத்தே இருந்தது. உறவு அதனை அருகே கொணர்ந்தது.

அண்மைக் காலம்

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் எச்சரிக்கை முறைகள் ஒழுங்கு பெற்றன. முக்கிய பத்திரங்கள், மருந்து, மின்சூள், உலர் உணவு ஆகியவற்றை ஒரு பையிலிட்டு ஆயத்தமாக வைக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது. இது தக்க அறிவுரையே. 2011 ஜனவரி வெள்ளத்தில், இடம்பெயர நேர்ந்தவர்க்கு இதன் பயன் விளங்கியது. ஆயின் பை என்பது மூன்று நாளுக்கானது. களஞ்சியமோ மூன்று மாதத்துக்கானது. முன்னது ஓடுவதற்கு, பின்னது இருப்பதற்கு. இரண்டும் வேண்டும்.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் பொருட்டு நாடளாவிய ஊரடங்கு இடப்பட்டபோது, நாட்கூலியை நம்பிய வீடுகளுக்கும் இருப்புள்ள வீடுகளுக்கும் இடையிலிருந்த தூரம் சில நாள்களில் வெளிப்பட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு அடுத்த பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் எரிவாயுவும் எரிபொருளும் பால்மாவும் கிடையாத நிலையில் மக்கள் விறகடுப்புக்குத் திரும்பினர். மாடிவீடுகளில் விறகு அடுக்க இடமில்லை. புகை செல்ல வழியுமில்லை. நெல்லும் விறகும் வைக்க இடம் விட்டுக் கட்டிய பழைய வீட்டின் அமைப்பு, நெருக்கமான நகரில் மறைந்துவிட்டதை அவ்வாண்டு உணர்த்தியது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒவ்வோர் இடரும் சேமத்தின் வெவ்வேறு உறுப்பைத் தாக்கியமை புலனாகும். உலகப்போர் இறக்குமதியைத் துண்டித்தது. சூறாவளி கூரையையும் பெருங்களஞ்சியங்களையும் அழித்தது. உள்நாட்டுப் போர் வழியை அடைத்தது. கடற்கோள் வீட்டையும் நீரையும் கெடுத்தது. அண்மைய நெருக்கடி அடுப்பை அணைத்தது. எந்தவொரு களஞ்சியமும் எல்லா இடருக்கும் போதுமானதாக இருக்கவில்லை. ஒன்று உடைந்தபோது மற்றொன்று நின்றமையாலேயே மக்கள் வாழ்ந்தனர். வீடு, வளவுச் சுற்றம், பள்ளிவாசல், கடை, அயலூர், அரசு என இவை பலவாக இருந்தமையே உண்மையான சேமம்.

இவற்றுள் கட்டுவதற்கு மிக நீண்டகாலம் எடுப்பதும், உடைந்தால் மீட்க அரிதானதும் அயலூர் உறவேயாகும். மண்முனையில் இன்று பாலம் உண்டு. தோணிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் 1990இல் கைவிடப்பட்ட நிலங்கள் பற்றிய வழக்குகளும் மனத்தாங்கல்களும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை. அரிசி விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் வீட்டில் எத்தனை மூடை உண்டு என எண்ணிப் பார்க்கின்றோம். இடர் வந்த இரவில் எந்த ஊரின் கதவைத் தட்டுவோம், எம் கதவைத் தட்டுபவர் யார் என்பதையும் அவ்வேளையில் எண்ணுதல் வேண்டும்.

அடுப்படி அறிவைப் பதிவு செய்தல் பல்கலைக்கழகத்தாரின் கடமையுமாகும். 1978ஐயும் 1990ஐயும் வீட்டின் பொறுப்பாளராக நின்று கடந்த பெண்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். எந்த மாதத்தில் எதை எடுத்துவைத்தனர், எதனை யாருக்குக் கொடுத்தனர், எது திரும்பி வந்தது என்பன அவர்தம் நினைவிலேயே உள்ளன. இரு கரைகளிலும் சென்று, தமிழ்ப் பெண்களிடமும் முஸ்லிம் பெண்களிடமும் அவற்றைக் கேட்டு எழுதுதல் எம்மாணவர்க்கு உரிய பணி. அடுத்த மாரிக்கு முன் அது தொடங்கப்படுமாயின் நன்று.